அப்பாரு மைக் செட் பெட்டி: எதை முதலில் ஓட்டுவது, எதை விட்டுவிடலாம்

கேள்வி இதுதான்: கோபிப் பக்கம் அப்பாரு (தாத்தா) நடத்திய மைக் செட் நின்று முப்பது வருடம் ஆகிறது. அட்டாலியில் (பரணில்) இரண்டு டிரங்குப் பெட்டி. ஒன்றில் இசைத்தட்டுகள்: கனமான கறுப்புத் தட்டு நாற்பது, சின்னத் தட்டு நூற்றுக்கு மேல், எல்.பி. (பெரிய தட்டு) கொஞ்சம். இன்னொன்றில் சுமார் இருநூறு கேசட். தை மாதம் தங்கச்சி கல்யாணம். அதற்குள் எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு மாற்றி, அப்பாருடைய கூம்பு ஒலிபெருக்கியிலேயே போட வேண்டும். சூட்கேஸ் மாதிரி வருகிற பிளேயர் வாங்கினால் போதுமா?

முதலில் கணக்கைப் பாருங்க. கேசட்டை வேகமாக ஓட்டிப் பதிவு செய்தால் தரம் கெடும். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் உட்கார்ந்தே ஆக வேண்டும். இருநூறு கேசட் என்றால் இருநூறு மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் நூறு நாள். தட்டுகள் தனி. எனவே எல்லாவற்றையும் மாற்றுவது என்ற எண்ணத்தைக் கல்யாணம் முடியும்வரை தள்ளி வையுங்க. இப்போது செய்ய வேண்டியது பிரிப்பது.

பிரிப்பதற்கு ஒரே அளவுகோல்: இதில் இருப்பது வேறெங்காவது கிடைக்குமா? தட்டில் இருக்கிற சினிமாப் பாட்டில் பெரும்பகுதி, கம்பெனியின் மூலப் பதிவிலிருந்தே எடுத்து இன்று இணையத்தில் இருக்கிறது. மைக் செட்டில் ஓடிய தட்டு அந்தப் பாட்டுக்கு இருக்கிற பிரதிகளிலேயே மோசமானது. திருவிழாப் புழுதி, கனமான பிக்கப், மாற்றாத முள், ஒரே பாட்டை ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டது எல்லாம் அதில் இருக்கிறது. சின்னத் தட்டை டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்க. ஓடாத தட்டு எண்ணெய் தேய்த்த மாதிரி கறுப்பாக மின்னும். நிறைய ஓடியது சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அது தூசி இல்லை, முள் ஓடுகிற பள்ளத்தின் சுவரே தேய்ந்துவிட்டது. எப்படிக் கழுவினாலும் போகாது.

ஆனால் அந்தச் சாம்பல் நிறத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அன்றைக்குத் தமிழ்ப் பாட்டுக்கு விற்பனையை எண்ணி வாராவாரம் வெளியிடுகிற பொதுவான வெற்றிப் பட்டியல் எதுவும் கிடையாது. எது ஹிட் என்பது நேயர் விருப்பத்துக்குப் போன தபால் கார்டிலும், டூரிங் டாக்கீஸில் படம் தொடங்கும் முன் போட்ட தட்டிலும், சீர் (விசேஷ) வீட்டு மைக் செட்டிலும்தான் தெரிந்தது. உங்க பெட்டியில் எது அதிகம் தேய்ந்திருக்கிறதோ அதுதான் உங்க பகுதியின் பட்டியல். தட்டுகளைத் தேய்மான வரிசையில் அடுக்கி லேபிளைப் போட்டோ எடுங்க. ஒரு மதியத்தில் முடிந்துவிடும். கல்யாணத்துக்கு என்ன பாட்டுப் போடுவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. பாட்டை மட்டும் நல்ல பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்க.

இதற்கு ஒரு விதிவிலக்கு 78 வேகத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற அந்தக் கனமான கறுப்புத் தட்டு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம்தான் அடங்கும். அதனால் படத்தில் வருகிற பாட்டும் தட்டில் வருகிற பாட்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. ஒரு சரணம் குறைந்திருக்கும், முன்னிசை சுருங்கியிருக்கும், அல்லது பாட்டு இரண்டு பக்கத்துக்கும் பிரிந்திருக்கும். இணையத்தில் இருப்பது படத்திலிருந்து எடுத்ததாக இருந்தால், தட்டில் உள்ளது வேறு பதிவாக இருக்க வாய்ப்புண்டு. கோவை பட்சிராஜா ஸ்டுடியோ 1954இல் எடுத்த மலைக்கள்ளன் மாதிரி நம்ம ஊர்ப் படத் தட்டு ஏதாவது கையில் பட்டால் தனியாக எடுத்து வையுங்க.

இனி கேசட். மூன்று குவியலாகப் பிரியுங்க. கம்பெனி அச்சிட்ட கேசட் ஒரு குவியல். அதை இப்போது தொடவே வேண்டாம். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்தது இரண்டாவது. அதில் பாட்டை விட அட்டையில் கையால் எழுதிய வரிசைதான் அரிது. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டைக் கேட்கப் பிரியப்பட்டார்கள் என்பது வேறெங்கும் கிடையாது. அட்டையைப் போட்டோ எடுத்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. மூன்றாவது குவியல் ரேடியோவிலிருந்து பதிந்ததும், வீட்டில் பேசிப் பதிந்ததும், மைக் செட் ஓடும்போதே பதிந்ததும். உங்க நேரம் முழுக்க இதற்குத்தான்.

மூன்றாவது குவியலை எப்படி அடையாளம் காண்பது? கம்பெனிக் கேசட்டின் முதுகில் அழித்துப் பதிவதைத் தடுக்கும் காது உடைந்திருக்கும். வீட்டில் பதிந்ததில் பெரும்பாலும் உடையாமல் இருக்கும். அட்டையில் "சிலோன்" என்றோ, ஒரு தேதி மட்டுமோ, ஒன்றுமே இல்லாமலோ இருக்கும். இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனலோ பாட்டுக்குப் பாட்டோ ஓடும்போது அப்பாரு பொத்தானை அமுக்கியிருந்தால், பாட்டுக்கு நடுவில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவோ அப்துல் ஹமீதோ பேசுகிற அரை நிமிடம் இருக்கும். பாட்டு ஆயிரம் இடத்தில் கிடைக்கும், அந்த அரை நிமிடம் உங்க கேசட்டில் மட்டும் இருக்கக்கூடும். கல்யாண வீட்டில் பதிந்ததில் "பெண் வீட்டார் சாப்பிட வரவும்" என்று அப்பாருடைய குரலே கேட்கலாம். மாற்றும்போது பாட்டைத் தனியாக வெட்டி, பேச்சைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. கடையில் கொடுத்தால் பெரும்பாலும் அப்படித்தான் செய்துவிடுவார்கள். கொடுக்கத் தயங்கச் சொல்வது அதனால்தான். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக, வெட்டாமல் வைத்திருங்க. காதுகளை மட்டும் முதல் நாளே உடைத்துவிடுங்க. தப்பாக சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அந்தக் குரல் திரும்ப வராது.

எடுத்த எடுப்பில் எந்தக் கேசட்டையும் டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) போடாதீங்க. முன்புறத் திறப்பில் டேப்புக்குப் பின்னால் வளைந்த செப்புத் தகடும் அதன்மேல் ஒட்டிய சின்ன கம்பளித் துண்டும் தெரிய வேண்டும். டேப்பை ஹெட்டோடு, அதாவது டெக்கில் பதிவைப் படிக்கிற முனையோடு, அழுத்துவது அதுதான். கோந்து காய்ந்து விழுந்திருந்தால் சத்தம் மங்கி, அலை மாதிரி வந்து போகும். பலர் டேப் செத்துப்போச்சு என்று குப்பையில் போடுவது இந்தக் கேசட்டைத்தான். பிறகு ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்க. வெள்ளைப் பொடி மாதிரி இருந்தால் பூஞ்சை. ஈரோடு, காங்கயம் பக்கத்து வறண்ட காற்றில் அவ்வளவாக வராது. ஆனைமலை, வால்பாறைப் பக்கம் இருந்த பெட்டி என்றால் சந்தேகப்பட வேண்டும். பூஞ்சைக் கேசட்டை மற்றதோடு வைக்காதீங்க, நல்ல டெக்கிலும் போடாதீங்க. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் சில நாள் காய விட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, வெளித் திண்ணையில் ஒரு பழைய டெக்கில் ஓட்டுங்க.

கம்பளித் துண்டை மாற்றுவது அரை மணி வேலை. முதலில் டேப்பை ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றிவிடுங்க. கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டில் ஐந்து சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஸ்க்ரூத் தலை மேலே இருக்கும்படி மேசையில் வைத்து ஸ்க்ரூவைக் கழற்றி, மேல் ஓட்டை நேராக, சாய்க்காமல் தூக்குங்க. தூக்கினதும் ஒரு போட்டோ. இரண்டு சுருள், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக வழுக்குத் தாள், இரண்டு மூலையிலும் உருளை, நடுவில் தகடு: அவ்வளவுதான் உள்ளே. டேப் இடது சுருளிலிருந்து இடது உருளையைச் சுற்றி, முன்புறம் தகட்டுக்கு வெளியே வந்து, வலது உருளையைச் சுற்றி வலது சுருளுக்குப் போகும். தகட்டை ஒரு செத்த கம்பெனிக் கேசட்டிலிருந்து எடுத்து மாற்றுவதுதான் சுலபம். பழைய தகட்டிலேயே ஒட்டுவதாக இருந்தால் கோந்து ஒரு பொட்டுப் போதும். அதிகமானால் கம்பளி வழியாக ஊறி டேப்பில் ஒட்டும். மூடும்போது டேப் முறுக்காமல் இருக்கிறதா என்று பாருங்க. ஹெட்டைப் பார்ப்பது காந்தப் பூச்சுப் பக்கம். அது திரும்பிவிட்டால் பாட்டு பக்கத்து வீட்டில் ஓடுகிற மாதிரி கேட்கும்.

ஸ்க்ரூ இல்லாமல் ஓட்டை உருக்கி ஒட்டிய கேசட்டும் வரும். அதை ஓரத்தில் கத்தியால் பிளந்து, சுருள்களை ஸ்க்ரூ உள்ள வேறொரு ஓட்டுக்கு மாற்றிவிடலாம். டேப் அறுந்திருந்தால் செல்லோ டேப் போட்டுவிடாதீங்க. நம்ம வெயிலுக்கு அதன் பசை வழிந்து அடுத்த சுற்றோடு ஒட்டும், ஹெட்டிலும் ஏறும். ஒட்டுவதற்கென்றே விற்கிற ஸ்பிளைசிங் டேப்பை, பூச்சு இல்லாத முதுகுப் பக்கத்தில், 3.8 மில்லிமீட்டர் அகலத்தை மீறாமல் ஒட்டணும். தொண்ணூறு நிமிட டேப் அறுபதை விட மெல்லிசு, நூற்றிருபது இன்னும் மெல்லிசு. நூற்றிருபதை ஓட்டும்போது பக்கத்திலேயே இருங்க, எந்த நேரத்திலும் ரோலரில் சுற்றிக்கொள்ளும்.

டெக் விஷயத்தில் பழைய டூ இன் ஒன்னை (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டியை) நம்பாதீங்க. முப்பது வருடம் சும்மா கிடந்ததில் பெல்ட் தாராக உருகியிருக்கும். பெல்ட் மாற்றி, ரப்பர் ரோலரையும் ஹெட்டையும் ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்த ஒரு நல்ல டெக் போதும். டேப் இரைச்சலைக் குறைக்கிற டால்பி பொத்தானை அணைத்து வையுங்க. வீட்டில் பதிந்த கேசட் பெரும்பாலும் டால்பி இல்லாமல் பதிந்தது. போட்டால் குரல் கம்பளி போர்த்தின மாதிரி ஆகும்.

பலர் விட்டுவிடுவது ஹெட்டின் சாய்வு. பதிந்த டெக்கின் ஹெட்டும் ஓட்டுகிற டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் ச, ஷ, ஸ எல்லாம் மழுங்கிவிடும். ஹெட்டுக்கு ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஸ்க்ரூ இருக்கும். இடது வலது இரண்டையும் சேர்த்து மோனோவாகக் கேட்டுக்கொண்டே, பாட்டு ஓடும்போது அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்க. கால் சுற்றுக்கு மேல் போக வேண்டியிருக்காது. ஒரு புள்ளியில் சட்டென்று திரை விலகும். மென்பொருளில் டிரெபிளை ஏற்றி இதைச் சரிக்கட்ட முடியாது, இரைச்சல்தான் ஏறும். கேசட்டுக்குக் கேசட் மாறும் என்பதால் ஆரம்ப நிலையை ஸ்க்ரூ தலையில் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்க.

லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் மோனோ மைக் துளை. அதில் டெக்கைச் செருகினால் கரகரக்கும். லைன் இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேணும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அதிகபட்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். பிறகு தரம் குறையாமல் சுருக்குகிற ஃபிளாக் கோப்பாக மாற்றினால் பாதிக்குக் கிட்ட சுருங்கும். ம்ம்ம் என்று மின்சார இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்க, பெரும்பாலும் நின்றுவிடும். மீடியம் வேவில் பிடித்த சிலோன் பதிவில் விசில் மாதிரி ஒன்று ஏறி இறங்கும். அதை முழுக்கத் துடைக்கப் போனால் அறிவிப்பாளர் குரல் தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி ஆகும். மூலக் கோப்பில் எதையும் துடைக்காதீங்க, செய்வதைப் பிரதியில் செய்யுங்க.

தட்டுக்கு வருவோம். சூட்கேஸ் பிளேயர் வேண்டாம். அதிலிருப்பது ஒரே ஒரு மெல்லிய முள். 78 தட்டின் பள்ளத்துக்கு ஏறக்குறைய 3 மில் முனை வேணும், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. எல்.பி.க்கும் சின்னத் தட்டுக்கும் அதில் கால் பங்கு அளவு, 0.7 மில். மெல்லிய முள்ளை 78இல் விட்டால் அது சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் கிடக்கிற அழுக்கை உழுதுகொண்டு போகும். கேட்பது பாட்டை விட அழுக்கின் சத்தம்தான். முள் மாற்றக்கூடிய, 78 வேகமும் உள்ள டர்ன்டேபிள் பாருங்க. ஆடியோ டெக்னிகாவின் எல்பி120எக்ஸில் மூன்று வேகமும் உண்டு, விஎம்என்95எஸ்பி என்ற 78 முள்ளும் அதில் பொருந்தும். முள்ளின் பாரத்தை 5 கிராம் அளவுக்கு ஏற்றணும், திரும்ப எல்.பி. முள் போடும்போது 2 கிராமுக்கு இறக்கணும். அதே கம்பெனியின் எல்பி60இல் 78 கிடையாது. பேர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஏமாறாதீங்க. அமெரிக்காவிலிருந்து யாராவது பழைய பிளேயர் கொண்டுவந்து தருகிறேன் என்றாலும் யோசியுங்க. கரண்ட் அங்கே 60 சைக்கிள், இங்கே 50. ஏசி மோட்டார் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, சுசீலா குரல் ஆம்பளைக் குரலாகிவிடும்.

கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணி, போர் தண்ணி வேண்டவே வேண்டாம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணி காய்ந்தால் பள்ளத்தில் வெள்ளை படியும். சிறுவாணித் தண்ணியே ஆனாலும் டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மென்மையான துணியால் பள்ளம் போகிற வட்டத்திலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை அலசி நிழலில் நிறுத்துங்க. லேபிள் நனையக் கூடாது. 78 தட்டில் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் படக்கூடாது, ஒரு துளிகூட. அது அரக்கில் செய்தது, ஸ்பிரிட்டில் கரையும். துடைத்த இடத்தில் பாட்டே இருக்காது. விரிசல் விட்ட 78ஐ நனைக்கவும் வேண்டாம், சிலவற்றின் உள்ளே காகித அடுக்கு இருக்கும். தட்டு எதுவானாலும் படுக்க வைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்க.

வீட்டை ஒட்டித் தறிக் குடோன் இருந்தால் தறி ஓடும்போது தட்டு ஓட்டாதீங்க. தரை வழியாக வருகிற அதிர்வை முள் அப்படியே வாங்கிக்கொள்ளும். மேசையில் வைப்பதை விட, சுவரில் அடித்த கடப்பா கல் அலமாரியில் வைப்பது மேல். வாராந்திர லீவு நாளில் தட்டு, மற்ற நாளில் கேசட் என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லை.

78 தட்டு எல்லாமே மோனோ. ஸ்டீரியோவாகப் பதிந்துவிட்டு ஆடாசிட்டியில் இரண்டையும் மோனோவாகக் கலந்தால் சரசரப்பு கொஞ்சம் அடங்கும். லேபிளில் 78 என்று போட்டிருந்தாலும் பதிந்த வேகம் சரியாக 78 என்று நம்ப முடியாது. வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் மாறினால் சுருதி அரை ஸ்வரம் மாறும். பாடகரின் மற்ற பாட்டுகளோடு ஒப்பிட்டுக் கேட்டு, பிரதியில் மட்டும் திருத்துங்க.

கடைசியாகக் கூம்பு. முதலில் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் கேளுங்க. பல இடங்களில் கூம்புக்கு அனுமதி தருவதில்லை, பெட்டி ஸ்பீக்கர்தான் என்பார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கியே கூடாது. விடியக்காலை முகூர்த்தம் என்றால் முந்தின நாள் சாயங்காலம் பெண் அழைப்புக்கு வைத்துக்கொள்வதுதான் நடக்கும். அப்பாருடைய பழைய ஆம்பிளிஃபயரை நேராகப் பிளக்கில் செருகாதீங்க. உள்ளே கண்டன்சர் காய்ந்திருக்கும். எலக்ட்ரீஷியனை விட்டு 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பல்பு ஒரு தடவை மின்னி மங்கினால் பரவாயில்லை, பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். நேரமில்லை என்றால் ஆம்பிளிஃபயரை வாடகைக்கு எடுத்து, கூம்பை மட்டும் அப்பாருடையதாக வையுங்க. பின்னால் இருக்கிற யூனிட்டில் 16 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டரில் 12, 14 என்று காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பென் டிரைவுக்குப் போகிற கோப்பை மோனோவாக்கி, ஆடாசிட்டியில் ஹைபாஸ் ஃபில்டரை 250 ஹெர்ட்ஸில் வைத்து அடிச்சத்தத்தை வெட்டிவிடுங்க. கூம்பால் அதைக் கொடுக்க முடியாது. வெட்டாமல் சத்தத்தை ஏற்றினால் முதல் தவில் அடியிலேயே யூனிட்டுக்குள் அதிர்கிற டயாபிரம் கிழியும்.